மகோதரன் என்றொரு அல்லக்கை

வில்லனைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது. என் கண் போவதோ அவனுக்கு ஓரடி பின்னால் நிற்பவன் மேல். அண்ணன் சிரித்தால் சிரித்து, அண்ணன் முறைத்தால் முறைத்து, கடைசிச் சண்டையில் முதல் அடியை வாங்கிக்கொண்டு விழுகிறானே, அவன். அவனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று எந்தப் படத்திலும் சொன்னதில்லை.

இந்த வகையறாவில் என்னுடைய முதல் பரிசு கம்பனின் மகோதரனுக்குத்தான், இராவணனின் அமைச்சர்களில் ஒருவன். முதல் நாள் போரில் எல்லாவற்றையும் இழந்து, 'இன்று போய் நாளை வா' என்று அனுப்பப்பட்டுத் திரும்புகிறான் இராவணன். தேவர்கள் சிரிப்பார்களே என்பதைவிட, சானகி சிரிப்பாளே என்பதுதான் அவனைக் கொல்கிறது. பாட்டன் முறையான மாலியவான் வந்து இராமனின் பலத்தை உள்ளபடி எடுத்துச் சொல்கிறான். அப்போதுதான் குறுக்கே பாய்கிறான் மகோதரன். 'வென்றவர் தோற்பர்; தோற்றோர் வெல்குவர்' என்கிறான். யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு பொய்யும் இல்லை. நல்ல ஜால்ராக்காரன் பொய் சொல்வதில்லை, உண்மையைத்தான் எடுக்கிறான், ஆனால் எஜமானுக்கு எங்கே வலிக்கிறதோ சரியாக அங்கே தடவிவிடுகிறான். கூடவே யோசனையும் தருகிறான்: கும்பகருணனை எழுப்பி அனுப்பலாமே!

இராவணன் உருகிப் போகிறான். 'என்பால் வைத்த அன்பினுக்கு அவதி (எல்லை) உண்டோ' என்று பாராட்டுகிறான். கெடுதி வந்துவிட்டால் நடுவில் எது தடுக்கும் என்று கம்பனே அந்தப் பாட்டின் கடைசியில் தலையில் அடித்துக்கொள்கிறான்.

அடுத்தது இன்னும் மோசம். எழுந்து வந்த கும்பகருணன் கேட்கும் கேள்வியே 'சானகி துயர் இனம் (இன்னும்) தவிர்ந்தது இல்லையோ'. அவளை விட்டுவிடு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்கிறான், திட்டு வாங்குகிறான், அப்புறமும் சாகத்தான் போகிறான். களத்தில் வீடணன் வந்து கூப்பிடும்போது, நெடுநாள் வளர்த்தவனுக்கு உயிரைக் கொடுக்காமல், 'நீர்க்கோல வாழ்வை நச்சி', நீர்மேல் போட்ட கோலம்போன்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு, வரமாட்டேன் என்கிறான். அவன் அங்கே கையும் காலும் அறுபட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கே மகோதரன் என்ன செய்கிறான்? சீதையை வளைக்க வழி சொல்லிக்கொண்டிருக்கிறான். மருத்தன் என்கிற அரக்கனைச் சனகனாக வேடம் மாற்றி, பெற்ற அப்பனே 'இராவணனுக்கு இணங்கு மகளே' என்று கெஞ்சுவதுபோல ஏற்பாடு. சீதை அந்த 'அப்பனை' வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். அந்தக் கூத்து நடக்கும்போதே தம்பி செத்த சேதி வந்து இராவணன் அடியற்று விழுகிறான்.

மாயா சனகப் படலத்தைக் கும்பகருணன் வதைக்கு அடுத்தாற்போல் வைத்ததில் கம்பன் எவ்வளவு குரூரமான ஆள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். எழுப்பச் சொன்னவன் இவன். செத்தவன் அவன். இராவணனுக்கு இரண்டு பேர் மேலும் பாசம்தான், ஆனால் கேட்டது என்னவோ இவன் பேச்சை.

(எங்கள் ஆபீசிலும் ஒருவர் இருக்கிறார். மேனேஜர் ஜோக்கை முடிப்பதற்கு அரை நொடி முன்னாலேயே சிரித்துவிடுவார். திறமைதான், ஒத்துக்கொள்கிறேன். இன்கிரிமென்ட் என்னவோ எல்லாருக்கும் ஒரே மாதிரி.)

வெளியூர்ச் சரக்கில் 1897-இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் ரென்ஃபீல்ட் இருக்கிறான். வயது 59, இருப்பது மனநல விடுதியில். ஈ பிடித்துச் சிலந்திக்குப் போட்டு, சிலந்தியைக் குருவிக்குப் போட்டு, கடைசியில் பூனைக்குட்டி கேட்டு டாக்டரிடம் கெஞ்சுகிற ஆள். பிரபு (இரத்தம் குடிக்கும் டிராகுலாதான்) வந்தால் எனக்கும் கொஞ்சம் உயிர்கள் கிடைக்கும் என்பதுதான் அவனுடைய மொத்தப் பக்தியும். ஆனால் அவனுக்கும் ஓர் எல்லை உண்டு. தன்னிடம் மரியாதையாகப் பேசிய மீனா, தண்ணீர் கலந்த டீ மாதிரி வெளுத்துப்போயிருப்பதைப் பார்க்கிறான். அவளுடைய இரத்தத்தைக் குடிப்பது யார் என்று புரிந்ததும், அன்றிரவு பனிமூட்டமாக உள்ளே வந்த எஜமானையே கட்டிப்பிடித்து மல்லுக்கு நிற்கிறான். முதுகெலும்பு முறிந்து சாகிறான். மகோதரனுக்கு அப்படி ஓர் இரவு வந்ததாகக் கம்பனில் நான் படித்ததில்லை.

நம்ம சினிமாவில் இதைத் தலைகீழாகப் போட்டது 1994-இன் 'அமைதிப்படை'. கோயிலில் தேங்காய் பொறுக்கிய அமாவாசையை (சத்யராஜ்) தேர்தலில் நிறுத்திவிட்ட மணிவண்ணன், ஓட்டு எண்ணும்போது நாற்காலியில் தாராளமாகச் சாய்ந்திருப்பார். சத்யராஜ் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சுற்று முடிவும் வர வர இவர் கொஞ்சம் உள்ளே நகர்வார், அவர் கொஞ்சம் வெளியே நகர்வார். கடைசியில் சத்யராஜ் கால்மேல் கால் போட்டிருப்பார், நுனியில் மணிவண்ணன். எஜமான் எடுபிடியாவதற்கு ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு படம் முழுக்கக் கும்பிடும் போடுவார், அந்தக் கும்பிடுக்குள்ளேயே நக்கலும் அடிப்பார்.

படத்தை எழுதி இயக்கியவரும் அவர்தான். எந்த வேடத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டிருக்கலாம், எடுத்துக்கொண்டது அல்லக்கை வேடத்தை.