நான்கு டீசல் பைப், எட்டு நட்டு

எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் வாஷர்களை மாற்றத்தான் டீசல் பைப்புகளைக் கழற்றினேன். கழற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஆனால் திருப்பி மாட்டி ஒரு சொட்டு கசிவு இல்லாமல் வண்டியை ஓட வைக்க இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன், இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

என்னுடையது பழைய மாதிரி எஞ்சின். மெக்கானிக்கல் பம்ப், அதிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனி இரும்புப் பைப். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றாதீர்கள். அதில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேலே போகும், நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றும் பேச்சே கிடையாது, கழற்றிய பைப்பைத் திரும்பப் போடாமல் புதிது போடச் சொல்கிற தயாரிப்பாளர்களும் உண்டு.

முதல் நாள் நான் செய்த தவறு, பம்ப் பக்க நட்டை முழுசாக இறுக்கிவிட்டு அப்புறம் மறுமுனையை இன்ஜெக்டருக்கு இழுத்துப் பிடித்து மாட்டியதுதான். நட்டு இரண்டு மரை ஏறியதுமே கனமாகத் திரும்பியது, அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்பேனர் போட்டு ஏற்றினேன். வண்டி ஸ்டார்ட் ஆனதும் மூன்றாவது இன்ஜெக்டரில் ஈரம். இன்னும் இறுக்கினேன், நிற்கவில்லை. மறுபடி இறுக்கினேன், கசிவு கூடியது.

இந்த இணைப்பில் வாஷர், கேஸ்கெட் எதுவும் கிடையாது. பைப்பின் கூம்பு முனை, அதற்கேற்ற குழியில் இரும்போடு இரும்பாக உட்கார்ந்துதான் டீசலை அடைக்கிறது. சாய்ந்து உட்கார்ந்தால் எவ்வளவு முறுக்கினாலும் அடைக்காது, முனைதான் நசுங்கும், உள் துளையும் குறுகும். த்ரெட் டேப் சுற்றுவதும் வீண், ஏனென்றால் அடைப்பது மரை இல்லை. அந்த மூன்றாவது பைப்பைக் கழற்றி விளக்கடியில் பார்த்தபோது கூம்பின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று அழுந்தியிருந்தது, எதிர்ப் பக்கம் தொடவே இல்லை. அந்த ஒரு பைப்பைப் புதிதாகப் போட்டேன். அதே எஞ்சினின் அதே சிலிண்டருக்கானதையே தேடிப் போட்டேன். வளைவு வேறு வேறாகத் தெரிந்தாலும் நான்கும் ஒரே நீளம் வரும்படிதான் செய்திருப்பார்கள், நீளம் மாறினால் டீசல் பாயும் நேரமும் மாறும்.

இரண்டாம் நாள், பைப்புகளை அசையாமல் பிடித்திருக்கும் கிளாம்ப் உட்பட எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிசிறு விடாத துணியால் முனைகளைத் துடைத்தேன், திறந்திருந்த வாய்களை மூடியே வைத்திருந்தேன், ஏனென்றால் ஒரு மணல் துகள் போதும் இன்ஜெக்டரைக் கெடுக்க. பைப்பைக் கையால் குழியில் உட்கார வைத்து, எட்டு நட்டையும் விரலாலேயே கடைசி வரை ஏற்றினேன். எங்கே கனத்ததோ அங்கே பைப்பை லேசாக அசைத்து, திரும்ப எடுத்து ஏற்றினேன். நேரம் முழுக்க இதில்தான் போனது, போகட்டும், வேலையே இதுதான். கிளாம்ப்பையும் தளர்வாக மாட்டிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனரைத் தொட்டேன்.

சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் முனைகளை உருட்டிவிடும். பைப் நுழைய ஒரு வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப் பக்கம் இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று நட்டுக்கு, ஒன்று அடியில் இருக்கும் டெலிவரி வால்வ் ஹோல்டர், அதாவது பைப் வந்து மாட்டும் பம்ப்பின் வாய், கூடவே திரும்பாமல் பிடிக்க. என் மேனுவலில் 25 நியூட்டன் மீட்டர் போட்டிருந்தது, உங்கள் எஞ்சினுக்கு உங்கள் மேனுவலைப் பாருங்கள். உண்மையில் அது மிகவும் குறைவான முறுக்கு, முதல் நாள் நான் போட்டதில் பாதிகூட இருக்காது.

ஏர் எடுக்க பம்ப் பக்கத்தை இறுக்கிவிட்டு இன்ஜெக்டர் பக்க நட்டுகளை ஒரு சுற்று தளர்வாக விட்டேன். கீழே இருக்கும் ரப்பர் ஹோஸ், பெல்ட் எல்லாவற்றையும் துணியால் மூடினேன், டீசல் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். பத்து வினாடி செல்ஃப், அப்புறம் மோட்டார் ஆறக் கொஞ்சம் இடைவெளி. முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி இல்லாமல் விட்டு விட்டு டீசல் வந்தது. செல்ஃபை நிறுத்தி நட்டுகளை இறுக்கினேன். எஞ்சின் முதலில் இரண்டு சிலிண்டரில் தட்டித் தடுமாறி, கொஞ்ச நேரத்தில் நான்கிலும் சீரானது.

எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. இழை போலப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். நான் ஒரு அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்த்தேன், கண்ணாடியும் போட்டிருந்தேன்.

கடைசியாக கிளாம்ப்புகளை இறுக்கினேன். அது இல்லாமல் ஓட்டினால் அதிர்விலேயே பைப் விரிசல் விடும். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது எட்டு நட்டிலும் டிஷ்யூ சுற்றி எடுத்தேன். எட்டும் காய்ந்தே வந்தன. மூன்றாவதை மட்டும் இன்னும் தினமும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.