ஜேர்மனிக்குக் கலியாணம் முடித்து வரும் தங்கச்சிமாருக்கு

கொஞ்ச நாளாக ஊரிலிருந்து எனக்கு நிறையச் செய்திகள் வருகின்றன. ஜேர்மனி மாப்பிள்ளை சரிவந்து, எழுத்தும் முடித்து, விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். எல்லாரும் ஏ1 சோதனையை, அதாவது விசாவுக்குக் கேட்கும் ஆரம்ப மட்ட ஜேர்மன் மொழிச் சோதனையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதைச் சொல்கிறேன். ஆனால் ஒருவரும் கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

என் கணவரின் குடும்பம் 83 கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்தது. அவர் டோர்ட்முண்டில் பிறந்து வளர்ந்தவர், ஜேர்மன் குடியுரிமை உள்ளவர். இருந்தும் நான் இங்கே வர முதல் டொச், அதாவது ஜேர்மன் மொழி, படித்துக் காட்டவேண்டி இருந்தது. 2007இல் கொண்டுவந்த விதி இது. 'நீல அட்டை' என்ற, படித்த தொழில் வல்லுநர்களுக்குக் கொடுக்கும் வதிவிட அட்டையில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரரை முடித்து வருகிறவருக்கு இந்தச் சோதனை இல்லை. ஜேர்மன் குடிமகனை முடிக்கிறவருக்கு உண்டு. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சோதனை கொழும்பில், கோதே நிறுவனத்தில். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி. நூற்றுக்கு அறுபது எடுத்தால் போதும். எழுத்தில் ஒரு படிவம் நிரப்பி, முப்பது சொல் அளவில் ஒரு சின்னக் கடிதம் எழுதவேண்டும். பயப்பட வைப்பது பேசுதல்தான். மற்றப் பரீட்சார்த்திகளோடு ஒரே மேசையில் இருந்து பெயர், வயது, ஊர், தொழில், பொழுதுபோக்கு எல்லாம் சொல்லவேண்டும். பிறகு ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள், ஒரு தொலைபேசி இலக்கமும் கேட்பார்கள். எங்களுடைய அப்பாமாரின் பெயர்கள் எவ்வளவு நீளம்! சுன்னாகத்தில் சமையல் செய்துகொண்டே அப்பாவின் பெயரை டொச் எழுத்துகளில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அது நல்லாகக் கைகொடுத்தது. நீங்களும் முதலில் அதைப் பழகுங்கள்.

சோதனையை விட எனக்குக் கஷ்டமாக இருந்தது விசாவுக்கான நேர்முகம். பேச்சுக்கால், அதாவது வீட்டார் பேசிக் கலியாணம் ஒழுங்குசெய்வது, என்றால் என்ன, சாதகம் பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாத ஒருவருக்கு எங்கள் கலியாணத்தை எப்படி விளக்குவது? போலிக் கலியாணம் என்று சந்தேகம் வந்தால் கணவனையும் மனைவியையும் வேறு வேறாக, சில வேளை ஒரே நாளில், ஒருவரை இலங்கையிலும் மற்றவரை ஜேர்மனியிலுமாகக் கேள்வி கேட்பார்கள். முதல் எங்கே சந்தித்தீர்கள்? யார் யார் வந்தார்கள்? அவருக்கு எத்தனை சகோதரம்? வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும்? என்னிடம், நேரில் பழகிய காலம் குறைவாக இருக்கிறதே, எப்படிச் சம்மதித்தீர்கள் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். என் பெரியம்மாவுக்கு அவருடைய மாமியைத் தெரியும், இரண்டு வீட்டாரும் கதைத்தார்கள், பிறகு நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்காக இரவிரவாகத் தொலைபேசியில் கதைத்தோம், அதன் பிறகுதான் ஓம் என்றேன். காதல் கலியாணம் என்று கதை கட்டச் சொல்லிச் சிலர் புத்தி சொல்வார்கள். தயவு செய்து கேட்காதீர்கள். பேசி முடித்த கலியாணம் குற்றம் இல்லை. இரண்டு பேர் சொல்வதும் பொருந்தாமல் போனால்தான் பிரச்சினை.

விசா கிடைத்து வந்து இறங்கினால், வீட்டு முகவரியைப் பதிவது, வதிவிட அட்டை எடுப்பது எல்லாம் கணவர் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். சரி. இனித்தான் நான் சொல்லவந்த விஷயம்.

அந்த அட்டை உங்கள் கலியாணத்தோடு கட்டிய அட்டை. ஜேர்மனியில் நீங்கள் இரண்டு பேரும் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான், பிரிய நேர்ந்தாலும் இங்கே இருக்கும் உரிமை உங்களுக்குத் தனியாக வரும். முதலில் அது ஒரு வருடத்துக்கு. வதிவிடச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 2011க்கு முதல் இது இரண்டு வருடமாக இருந்தது.

என் டொச் வகுப்பில் ஒரு அக்கா இருந்தார். கணவர் அடிப்பார். 'பொலிசுக்குப் போனால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்' என்று அவரைப் பயமுறுத்தியே வைத்திருந்தார். அதே 31ஆம் பிரிவில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது. வீட்டில் வன்முறை போன்ற கடும் துன்பம் இருந்தால் மூன்று வருடம் காத்திருக்கத் தேவையில்லை. கணவர் இறந்துபோனாலும் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. இந்த ஒரு வரி தெரியாமல் அந்த அக்கா எவ்வளவு காலம் அடி வாங்கினார் என்று நினைக்க எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது. பெண்கள் ஆலோசனை நிலையம் ஒன்றில்தான் அவருக்கு இதை விளங்கப்படுத்தினார்கள். வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான உதவித் தொலைபேசி 116 016. அந்த இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக எடுக்கலாம். ஆங்கிலம் உட்பட வேறு மொழிகளிலும் கதைக்கலாம்.

என் கணவர் தங்கமான மனிதர். இதை எழுதச் சொன்னவரே அவர்தான். நல்ல மாப்பிள்ளை கிடைத்தாலும் உங்கள் கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறவுங்கள். எழுத்துப் பத்திரம், மொழிபெயர்ப்பு, அலுவலகக் கடிதங்கள் எல்லாவற்றின் பிரதியையும் உங்களுக்கென்று ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வேலை செய்யும் உரிமையும் அந்த அட்டையோடேயே வருகிறது, யாரிடமும் தனியாகக் கேட்கத் தேவையில்லை.

வந்த கிழமையே ஒருங்கிணைப்பு வகுப்புக்குப் பதியுங்கள், இடம் கிடைக்கச் சுணங்கும். வழமையாக 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டைப் பற்றிய பாடம். 'பிள்ளை பிறந்த பிறகு ஆறுதலாகப் படிக்கலாம்' என்று சொந்தக்காரர் சொல்வார்கள். என் மாமி அப்படிச் சொல்லவில்லை, முதல் நாள் தானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் வகுப்பு வாசலில் விட்டார். கடைத்தெருவில், வைத்தியரிடம், பிள்ளையின் பாலர் பள்ளியில் நானே கதைக்கிறேன் என்றால் அது அவர் தந்தது.

ஏ1 சோதனைக்கு நான் எழுதிவைத்த குறிப்புகள் இருக்கின்றன. வேண்டியவர்கள் எழுதுங்கள், அனுப்புகிறேன். எழுதும்போது 31ஆம் பிரிவை வாசித்துவிட்டேன் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.