தள்ளிவைப்பு

அக்கா மகன் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து தீவில், செயிண்ட் ஜான்ஸ் என்ற ஊரில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் முதலில் குளிரைப் பற்றிப் புலம்புவான், அப்புறம் இங்கே மீன்பாடு எப்படி என்று கேட்பான். போன வாரம் தன் வீட்டுக்காரர் கதையைச் சொன்னான். அந்த மனுஷன் காலமெல்லாம் மீன் கம்பெனியில் காட் மீன் வெட்டியவராம். 1992 ஜூலை 2-ஆம் தேதி அரசாங்கம் காட் பிடிக்கத் தடை போட்டது. இரண்டு வருஷத்துக்கு என்று சொன்னார்கள். 2024-இல்தான் எடுத்தார்கள். ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது.

"மாமா, முதல்ல எல்லாரும் வெளிநாட்டுக் கப்பலைத்தான் திட்டிக்கிட்டு இருந்தாங்களாம். 1977-ல 200 மைலுக்குள்ள அவங்க வரக்கூடாதுன்னு ஆக்குனதுக்கப்புறம் சொந்த இழுவைக் கப்பலே அள்ளி முடிச்சிடுச்சாம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கரையில் எதைக் கேட்டாலும் கை கச்சத்தீவுப் பக்கம்தான் நீளும். அந்த வேதனை பொய்யில்லை. பிடிபட்டுப் போனவர்களின் வீடுகளை எனக்குத் தெரியும். ஆனால் பாதி மீன் எல்லைக்கு இந்தப் பக்கமே செத்தது.

அங்கேயும் கரையோரம் சின்னப் படகு வைத்திருந்தவர்கள் மீன் சிறுத்துப்போகிறது, வரத்து குறைகிறது என்று எண்பதுகளிலேயே கத்தியிருக்கிறார்கள். 1989-இல் விஞ்ஞானிகளே 1,25,000 டன்னுக்கு மேல் பிடிக்காதீர்கள் என்றார்கள். மந்திரி 2,35,000 டன் என்று நிர்ணயித்தார். வேலை போகும், ஓட்டு போகும் என்ற பயம்தான். மேலே ஒருவர் எண்ணைக் கூட்ட, கீழே கப்பல்காரர்கள் சின்ன மீனைக் கடலில் கொட்டிவிட்டுப் பெரியதை மட்டும் கணக்கில் காட்டினார்கள். இந்த இடத்தில்தான் எனக்குப் பேச்சு நின்றுபோனது. ஏனென்றால் அப்படி ஒரு கணக்கை நானும் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊர் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம். பேர் வேண்டாம். ஒன்பது வருஷம் ஊர்க் கமிட்டிக்குக் கணக்கு எழுதினேன், கூடவே சொந்தமாக ஒரு வத்தை (சின்ன நாட்டுப்படகு), நண்டு வலை. அப்போது ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு: சினை நண்டு வலையில் ஏறினால் உயிரோடு கழற்றிக் கடலில் விட வேண்டும். ஏலக்கரைக்கு வந்தால் 500 ரூபாய் தண்டம்.

சொல்ல எளிது. நண்டை வலையிலிருந்து காலை ஒடித்து எடுத்தால் நொடியில் வரும். உயிரோடு கழற்ற வேண்டுமானால் மடியில் வைத்து, கண்ணி கண்ணியாக, கடி வாங்கிக்கொண்டு பிரிக்க வேண்டும். வயிற்றடியில் மஞ்சள் பஞ்சு மாதிரி முட்டை ஒட்டியிருக்கும், பொரிக்கிற நாள் நெருங்க நெருங்கக் கருத்துக்கொண்டே போகும். ஒரு நண்டில் லட்சக்கணக்கில். முட்டையோடு எடை போட்டால் காசும் கூடுதல். யார்தான் விடுவார்கள்? ஆனாலும் விட்டார்கள். போலீஸ் இல்லை, மீன்துறை இல்லை. பழைய தலைவர் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

அவர் மகனே ஒருநாள் அரைக் கூடை சினை நண்டைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டான். கிழவர் ஒன்றும் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடையைத் தூக்கி இடுப்பளவு தண்ணீரில் போய்க் கவிழ்த்தார். திரும்பி வந்து மகனிடம் கை நீட்டினார். அவன் 500 ரூபாயை எடுத்து நீட்டினான். அதை என்னிடம் கொடுத்து, "பேரை முழுசா எழுதுப்பா" என்றார். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்குத் தண்டம் பக்கத்தில் எழுத எனக்கு வேலையே இல்லை.

அவர் போய், அடுத்தவர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவென்றால் நடு ராத்திரியில் வண்டி பிடித்துக் கொடுப்பார். ஆனால் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. ஒருநாள் அவர் மச்சான் இரண்டு பெட்டி சினை நண்டோடு பிடிபட்டார். அன்று சாயங்காலம் குருசடி முன்னால் கூட்டம். ஊரே நின்றது. தலைவர் என்னைப் பார்த்து, "கடன்ல கிடக்கான். இந்த ஒருதரம் தள்ளிவச்சு எழுதிக்கோங்க, பார்த்துக்கலாம்" என்றார். நான் தலையாட்டிவிட்டு எழுதினேன்: தள்ளிவைப்பு.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் தண்டம் கேட்கப் போன வீட்டில், "எனக்கும் தள்ளிவச்சு எழுதுங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொன்னான் ஒருத்தன். மூன்று மாதத்தில் தண்டம் கேட்பதே கேலியாகிவிட்டது. நண்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தத் தண்டக் காசும் தலைக்கட்டு வரியும் ஒரே பெட்டியில்தான் விழும். கடலில் உயிர் போனவர்கள் குடும்பத்துக்கு மாதாமாதம் அதிலிருந்துதான் அரிசி. வரி கேட்டால், "முதல்ல மச்சான்கிட்ட வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அரிசி அரை மூட்டையானது, அப்புறம் நின்றது. ஊர்த் தண்ணி மோட்டாரில் காயில் எரிந்துபோனது, சரிசெய்ய ஆளில்லை, வசதியானவர்கள் தனித்தனியாகப் போர் போட்டுக்கொண்டார்கள். திருவிழாவுக்கு இரண்டு கமிட்டி, இரண்டு ரசீது புத்தகம். ஒரே சுரூபத்துக்கு யார் தோள் கொடுப்பது என்று அடிதடி, கேஸ். இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் கேரளாவில் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போகிறார்கள். கூப்பிட்டால், "வந்து என்ன மாமா செய்ய" என்கிறார்கள்.

சட்டங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. கரைக்குக் கிட்டத்தில் விசைப்படகு இழுவை மடி இழுக்கக் கூடாது என்று 1983 சட்டம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை இருக்கிறது. ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் கரைக்கு எவ்வளவு கிட்டத்தில் லைட் எரிகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். கோழித் தீவனத்துக்குப் போகிற சங்காயத்தில் (கழிவு மீனில்) விரல் நீளத்துக்கு விளைமீன் குஞ்சு கிடக்கும், அதையும் எண்ணலாம்.

சரி, மச்சான் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது யோக்கியமில்லை. அந்தக் கூட்டம் நடந்து நான்காம் மாதம் என் வலையிலும் சினை நண்டு ஏறியது, பதினோரு நண்டு. மகள் காலேஜுக்குப் பணம் கட்ட வேண்டிய வாரம். கால்களை ஒடித்துத்தான் கழற்றினேன். வியாபாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எடை போட்டுக் காசு கொடுத்தான்.

இதையெல்லாம் போனில் மருமகனிடம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த நோட்டு இன்னும் இருக்கா மாமா? அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றான்.

டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கரையான் ஓரத்தை அரித்திருக்கிறது, எழுத்து நன்றாகவே தெரிகிறது. மச்சான் பேர், அதற்கு நேராகத் தள்ளிவைப்பு. வசூலான தேதி என்ற கட்டம் காலி. அதற்குக் கீழே ஒன்பது பேர், ஒன்பது தள்ளிவைப்பு. என் பேரைத் தேடிப் பார்த்தேன். இல்லை. எழுத வேண்டியவன் நான்தானே.

போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.