என் அலமாரியில் இருக்கும் வேதாகமங்கள்

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் இல்லை நான். கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, ஈஸ்டர், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சபையின் வேதாகமத்தையும் தேடி வாங்கி வைப்பதில் எனக்குத் தனி ஆசை.

அம்மா வழியில் வந்தது ஜிப் உறை போட்ட சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வேதாகமம். 66 புத்தகங்கள். முதல் பக்கத்தில் தாத்தா பிள்ளைகளின் பிறந்த தேதியையும் ஞானஸ்நானத் தேதியையும் நீல மையில் எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே 1995-இல் வந்த கத்தோலிக்கத் திருவிவிலியம், அதில் 73. தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் இதில்தான் படித்தேன்.

அதிலும் சூசன்னாவின் கதை! இரண்டு முதிய நடுவர்கள் அவள்மேல் பொய்ப்பழி போட, ஊரே நம்பிவிடுகிறது. இளைஞன் தானியேல் இருவரையும் தனித்தனியாக நிறுத்தி, "எந்த மரத்தடியில் பார்த்தாய்?" என்று ஒரே கேள்வி கேட்கிறான், ஆளுக்கொரு மரத்தைச் சொல்கிறார்கள். அவள் தப்பிக்கிறாள். இவ்வளவு நல்ல கதை தெரியாமலே ஞாயிறு பள்ளி முடித்திருக்கிறோமே என்று வருத்தமாக இருந்தது.

அப்புறம் ஒரு ஆர்த்தடாக்ஸ் பதிப்பு (ஆங்கிலம்). அதில் மற்ற இரண்டிலும் இல்லாத 151-ஆம் சங்கீதமும் உண்டு. சின்னப் பையன் தாவீது ஆடு மேய்த்ததையும் கோலியாத்தை வென்றதையும் தானே சொல்கிறான். 1611-இன் கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பிலேயே தள்ளுபடி ஆகமங்கள் (தோபித்து, யூதித்து போல நம் 66-இல் சேராத புத்தகங்கள்) இருந்தன என்பது நம் சபையார் பலருக்குத் தெரியாது.

லுத்தரன் சபையார் வெகுகாலம் பயன்படுத்திய, ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியஸின் தமிழ் மொழிபெயர்ப்பு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது பழைய பிரதி இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.