ரப்பர் கடைக் கணக்கும் ஒரு எக்ஸ் எழுத்தும்

மார்த்தாண்டம் பக்கம் அப்பாவுக்கு ரப்பர் ஷீட் எடுக்கும் கடை. சாயங்காலம் ஆனால் அன்றைக்கு வந்த ஷீட், ஒட்டுப்பால் எடையையெல்லாம் கூட்டி ஆள்வாரியாகத் தொகை போட வேண்டும். அதற்கென்று சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினி வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகள் அடங்கிய கோப்பு, எழுதினேன். வீட்டு விண்டோஸ் கணினியில் நோட்பேடில் சேமித்து, பென்டிரைவில் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப். புள்ளி, சாய்கோடு, கோப்பின் பெயர் என்று, கட்டளை அடிக்கும் டெர்மினலில் அடித்தேன். 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தது.

முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக ஓட்டும் சூடோவை முன்னால் போட்டுப் பார்த்தேன். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. கண்ணெதிரே கிடக்கும் கோப்பை இல்லை என்கிறதே என்று கோபமே வந்துவிட்டது. இயக்கும் அனுமதி யாருக்குமே இல்லாத கோப்பை ரூட்டாலும் இயக்க முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கும் சித்தப்பா மகளுக்கு போன் போட்டேன். "அண்ணா, எல்எஸ் ஹைஃபன் எல் அடிச்சு, வர்ற முதல் பத்து எழுத்த அப்படியே வாசிங்க" என்றாள். கோப்பின் விவரத்தைக் காட்டும் கட்டளை அது. வாசித்தேன்: கோடு, ஆர், டபிள்யூ, கோடு, ஆர், கோடு, கோடு, ஆர், கோடு, கோடு.

முதல் கோடு, இது சாதாரணக் கோப்பு என்பதற்கு. மிச்சம் ஒன்பதும் மும்மூன்றாக உரிமையாளருக்கு, குழுவுக்கு, மற்றவர்களுக்கு. ஆர் என்றால் படிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம், எக்ஸ் என்றால் இயக்கலாம். என் கோப்பில் எக்ஸ் எங்குமே இல்லை. பெயருக்குப் பின்னால் '.எஸ்எச்' போட்டதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உரிமையாளருக்கு எக்ஸ் சேர்க்கும் 'சிஎச்மோட் யூ+எக்ஸ்' கட்டளையைக் கொடுத்தேன். எழுத்துகள் மாறவில்லை. பென்டிரைவ் ஃபேட் வடிவத்தில் இருந்தது. இந்த அனுமதிகளை எழுதிவைக்க அதில் இடமே கிடையாது. கோப்பை லேப்டாப்பில் என் சொந்த ஃபோல்டரான ஹோமுக்கு நகலெடுத்துவிட்டு அதே கட்டளையைக் கொடுத்ததும் நான்காம் எழுத்து எக்ஸ் ஆனது. மற்றவர்களும் ஓட்ட வேண்டுமென்றால் 755 கொடுக்கலாம். மூன்று எண்களும் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்ற அதே வரிசை. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7; எழுதுவதை விட்டால் 5. அவசரத்துக்கு 777 போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குக் கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிடுவது அது. தயவுசெய்து வேண்டாம்.

அப்புறமும் ஓடவில்லை. 'பேட் இன்டர்ப்ரிட்டர்' என்று வந்தது. கூடவே, ஸ்கிரிப்டை வாசித்து ஓட்டும் நிரலான பாஷ் என்ற சொல்லின் வாலில் '^எம்' என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொன்ன உடனே, "நோட்பேட்ல எழுதினீங்களா?" என்று கேட்டுவிட்டாள். முதல் வரியில் '#!' போட்டு அதை ஒட்டி எந்த நிரலின் பாதையைத் தருகிறோமோ, அந்த நிரலைத்தான் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் கூப்பிடும். விண்டோஸ் வரிமுடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக வரும். அதையும் பெயரோடு சேர்த்துக்கொண்டு, இல்லாத ஒரு பாஷைத் தேடியிருக்கிறது. அந்தக் குறியை நீக்கும் டாஸ்டூயூனிக்ஸ் நிறுவி ஒருமுறை ஓட்டினேன். அடுத்த என்டரில் அன்றைய தொகை திரையில் வந்தது.

புள்ளி சாய்கோடு அடிப்பது அப்பாவுக்குச் சிரமம். ஹோமுக்குள் 'பின்' (bin) என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதில் கோப்பைக் 'கணக்கு' என்ற பெயரில் வைத்தேன். உபுண்டுவில் அந்த ஃபோல்டர் இருந்தால், வெளியேறித் திரும்ப லாகின் செய்யும்போது அது தானாகவே, கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்தில் சேர்ந்துவிடும். இப்போது தராசைத் துடைத்து வைத்துவிட்டு அப்பாவே 'கணக்கு' என்று அடித்துத் தொகை எடுத்துவிடுகிறார்.