அந்தத் தபாலை வாங்கிவிடுங்கள், அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். லாரிக் கடன், காண்ட்ராக்ட் பில் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ், அதாவது தகராறைக் கோர்ட்டுக்கு வெளியே ஆர்பிட்ரேட்டர் என்கிற நடுவரை வைத்துத் தீர்க்கக் கேட்கும் கடிதம், என்றைக்குக் கைக்கு வந்தது என்பதைத்தான். பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. "கையெழுத்துப் போட்டு வாங்குனாத்தான சார் கேஸு, நான் திருப்பி விட்டுட்டம்லா" என்று தெம்பாகச் சொல்கிற லாரிக்காரர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. சரியான முகவரிக்கு வந்த பதிவுத் தபாலை வேண்டாம் என்று திருப்பினாலும் அது வந்து சேர்ந்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும், அண்ணாச்சி. உள்ளே என்ன எழுதியிருந்தது என்பதுதான் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

கோர்ட்டில் வழக்கு என்றால், அது தொடங்கியதற்கு மனுத் தாக்கல் செய்த நாள்தான் கணக்கு. ஆர்பிட்ரேஷனில் அப்படியில்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 21வது பிரிவுப்படி, இந்தத் தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு விடவேண்டும் என்று கேட்கும் நோட்டீஸ் எதிராளிக்குக் கிடைத்த நாள்தான் தொடக்கம். காலக்கெடுவையும் அந்த நாளை வைத்தே பார்ப்பார்கள். வள்ளியூர்ப் பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவர் பில் பணம் கேட்டு எழுதிய கடிதங்களைத் தடித்த ஃபைலாகக் கொண்டுவந்தார். எல்லாம் மரியாதையான கடிதங்கள், சிலதில் 15 நாளில் தராவிட்டால் நடவடிக்கை என்றுகூட இருந்தது, ஆனால் ஆர்பிட்ரேஷன் வேண்டும் என்று ஒன்றிலும் இல்லை, பணம் கேட்க இருக்கிற மூன்று வருஷமோ முடியப்போகிறது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து நோட்டீஸ் அடித்தோம்.

வாங்குகிற பக்கத்திலும் விஷயம் இருக்கிறது. கடன் கொடுத்த கம்பெனி, இன்னாரை ஆர்பிட்ரேட்டராகப் போட்டுவிட்டோம், விசாரணை சென்னையில் என்று அந்த நோட்டீஸிலேயே எழுதியிருக்கும். தகராறில் சம்பந்தப்பட்ட ஒரு தரப்பு தானாகவே ஒற்றை ஆர்பிட்ரேட்டரை நியமிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2019இல் சொல்லிவிட்டது. அதை எடுத்துச் சொல்லி, சம்மதமில்லை என்று 30 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அப்புறம் ஆர்பிட்ரேட்டரை நியமிக்கச் சொல்லி அவர்கள் ஹைகோர்ட்டுக்குத்தான் போகவேண்டும், அங்கே உங்கள் பேச்சும் எடுபடும். பேசாமல் இருந்தால் நீங்கள் இல்லாமலே ஆர்பிட்ரேட்டர் தீர்ப்பு எழுதிவிடுவார், அந்தத் தீர்ப்புப்படி வசூலிக்கக் கேட்கும் நிறைவேற்று மனுவோடு கம்பெனிக்காரர்கள் உங்கள் ஊர்க் கோர்ட்டுக்கே வந்துவிடுவார்கள். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பதற்கு இருப்பது மூன்று மாதம், தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 30 நாள், அவ்வளவுதான்.

என்னைப் பார்க்க வரும்போது அந்தக் கவரையும் கொண்டுவாருங்கள். அதன் மேலிருக்கும் தபால் எண்ணை வைத்துத்தான் அது வந்து சேர்ந்த தேதியை நான் எடுக்க முடியும்.