யானையின் ‘னை’ மூன்றாவது லினோவில்தான் உடையாமல் நின்றது

நான்கு வாரங்களாக என்னைப் பாடாய்ப் படுத்திய ‘யானை’ என்ற ஒரு சொல், நேற்று இரவு ஒரு கீறலும் இல்லாமல் தாளில் இறங்கியது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், பழைய கணக்கு நோட்டுக்குள் அடையாளத் தாளாகக் கிடந்த தீப்பெட்டி லேபிள்தான் இதற்கு மூலம். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் யானையும் அதன் காலடியில் கறுப்பு எழுத்தும் இருக்கின்றன. நிறுவனத்தின் பெயர் இருந்த ஓரம் கிழிந்து போயிருக்கிறது. அந்த லேபிளை மூன்று மடங்கு பெரிதாக்கி லினோகட்டாக, அதாவது லினோலியம் தகட்டில் வேண்டாத இடங்களை வெட்டி நீக்கி, மீந்த மேட்டில் மை பூசித் தாளில் ஒற்றும் முறையில், அச்சிட வேண்டும் என்பதே என் ஆசை.

ஆசைக்குக் காரணம் படம் அன்று, எழுத்து. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் வரை ணை, லை, ளை, னை ஆகிய நான்கும், எழுத்தோடு ஒட்டி மேலெழுந்து வளையும் துதிக்கையோடுதான் பொதுவாக அச்சாகி வந்தன. பெரியார் 1935லேயே ‘குடி அரசு’ இதழில் அந்தத் துதிக்கையைக் கைவிட்டுவிட்டார். சீர்திருத்தத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆயினும், யானை என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு துதிக்கை இருந்த காலத்தின் எழுத்தை, அதை வரைந்த ஓவியரின் கைவளைவு கெடாமல் மீட்டெடுக்க வேண்டும் என்று மனம் விடாப்பிடியாக நின்றது.

முதல் லினோவில் துதிக்கையின் கழுத்து, வெட்டி முடித்த பிறகு மை பூசும் உருளை பட்டவுடனே பெயர்ந்து வந்துவிட்டது. இரண்டாவதில் கோடு நின்றது. ஆனால் சுழியின் உள்வெளியில் மை புகுந்து அடைத்துக்கொண்டதால் துதிக்கைக்குப் பதிலாகக் கறுப்புப் பொட்டுதான் விழுந்தது. கோட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்; உள்வெளி ஓர் அரிசியின் அளவு. அந்த அரிசியளவு இடத்துக்குத்தான் இத்தனை நாள் செலவாகியிருக்கிறது.

தவறு என் வெட்டும் வரிசையில் இருந்தது. வெளிவிளிம்பை முதலில் வெட்டிவிட்டு, பிறகு சுழியின் உள்ளே உளியை நுழைக்கும்போது, இருபுறமும் ஆதரவில்லாத மெல்லிய சுவரைத்தான் நாம் தள்ளிக்கொண்டிருக்கிறோம். இம்முறை உள்வெளியை முதலில் முடித்தேன். ‘V’ வடிவ முனை கொண்ட மிகச் சிறிய உளியை நட்டுக்குத்தாகப் பிடிக்காமல், கோட்டிலிருந்து வெளிநோக்கிச் சாய்த்துப் பிடித்தால், கோட்டின் உச்சி மெலிந்தும் அடி அகன்றும் மண் கரை போல ஒரு சரிவு கிடைக்கிறது. அந்தச் சரிவுதான் உருளையின் அழுத்தத்தைத் தாங்குகிறது. உளி உட்பக்கமாகச் சாய்ந்தால் கோட்டின் அடி குடைந்துபோய், வெளியில் தெரியாமலே முறிவுக்குத் தயாராகிவிடும். முதல் லினோவில் நடந்தது இதுதான். வளைவில் வலக்கையை ஆடாமல் வைத்துக்கொண்டு, இடக்கையால் லினோவை மெல்லச் சுற்றிக் கொடுத்தேன். உளியைத் திருப்பினால் வளைவில் முனை விழுகிறது. லினோவைத் திருப்பினால் ஒரே இழுப்பில் சுழி வழுவழுப்பாக வந்துவிடுகிறது.

மையைப் பொறுத்தவரை காதை நம்புவதே நல்லது. கண்ணாடித் தகட்டில் உருளை ஓடும்போது பிசுபிசுவென்று ஒட்டும் ஓசை வந்தால் மை அதிகம். பட்டுச் சேலை உரசுவது போல மெல்லிய சரசரப்பு வரும்போது எடுத்துப் பூசினால் உள்வெளி அடைபடுவதில்லை.

லினோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு துண்டுகளும் இணையத்தில் ஒரு கடையில் வாங்கியவை. எத்தனை காலம் கிடங்கில் கிடந்தனவோ, அப்பளம் போல நொறுங்கின. ஆளி விதை எண்ணெயில் செய்த பொருள் நாளாக நாளாக இறுகத்தான் செய்யும் என்பது விற்பவருக்குத் தெரியாமலா இருக்கும்? திருப்பி அனுப்பக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. மூன்றாவது துண்டை நேரில் போய், ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்து வாங்கினேன். வெட்டுவதற்கு முன் பத்து நிமிடம் மாடி வெயிலில் வைத்தபோது உளி நன்றாக இறங்கியது.

கறுப்பு நிறத்துக்கான கட்டை, அதாவது வெட்டிய லினோ, மட்டுமே இப்போது முடிந்திருக்கிறது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் தனித்தனிக் கட்டைகள் வேண்டும். மை காயாத கறுப்புப் படியைப் புது லினோக்களின் மீது கவிழ்த்து அழுத்தி, இடம் பிசகாமல் கோடுகளை ஏற்றியிருக்கிறேன். மஞ்சள், சிவப்பு, கடைசியில் கறுப்பு என்பது அச்சிடும் வரிசை. அதற்குள் மனம் அடுத்த சொல்லுக்குத் தாவிவிட்டது. 1923இல் கையால் செய்யும் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய சிவகாசியில், லேபிள் தேவையை ஒட்டியே அச்சகங்களும் பெருகின. அந்த ஊர் லேபிள்களைத் தேடினால் ‘தொழிற்சாலை’ என்ற சொல் துதிக்கை ‘லை’யோடு எங்கேனும் கிடைக்கும் என்று நம்புகிறேன். சிவகாசி செல்லும் நண்பர் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் கட்டையை வெட்டத் தொடங்குகிறேன்.